கருப்பட்டியின் விறகுக் கணக்கு

அருப்புக்கோட்டை எப்படி ஊரானது என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வண்டிப்பேட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டி, கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும். இவற்றை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் எட்டயபுரம், பந்தல்குடி வழியாக மேலேறி மதுரைப் பக்கம் போகும். 1799இல் கட்டபொம்மனையும் 1801இல் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட பிறகு பாளையக்காரர் சண்டை ஓய்ந்தது. வண்டித்தடங்களில் போக்குவரத்து கூடியது. ஆனாலும் இருட்டினால் வழிப்பறி பயம். அதனால் சுற்றுச்சுவரும் கிணறும் மாடு கட்ட இடமுமாகப் பேட்டைகள் எழுந்தன. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வாங்கினார்கள். மகமைப் பணம் சேர்ந்து கோயிலானது, பள்ளிக்கூடமானது. விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்ற ஆறு ஊர் நாடார்களின் இந்தக் கதையை ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் 1969இல் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் போனபோது விருதுபட்டிக்கு ஸ்டேஷன் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ரயில் பார்க்க 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வண்டி மாடுதான். இதுவும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

நான் கருப்பட்டி மண்டியில் கணக்கு எழுதி வயதானவன். எடை, கழிவு, சிப்பம், பாக்கி என்றுதான் எனக்கு எதையும் பார்க்க வரும். அந்தப் பார்வையில் அந்த வண்டிகளைப் பார்த்தால் ஒன்று தட்டுப்படுகிறது. உப்பு, கருவாடு, கருப்பட்டி மூன்றும் தண்ணீரை விரட்டிய சரக்கு. பின்னால் வந்து சேர்ந்த மிளகாய் வற்றலும் அப்படித்தான். நீர் இருந்தால் கனம், நீர் இருந்தால் அழுகல். வறண்ட நாட்டு வியாபாரம் முழுக்கத் தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தை விற்ற வியாபாரம். அந்தக் கழித்தலுக்கு யார் செலவு செய்தார்கள் என்பதைத்தான் எந்த வரலாற்றிலும் காணோம்.

உப்புக்கும் கருவாட்டுக்கும் வெயில் செலவு செய்தது. கடல்நீர் ஆயிரம் கிலோவில் உப்புகள் சுமார் 35 கிலோ. அப்படியானால் ஒரு கிலோ உப்பு கிடைக்க 27, 28 லிட்டர் தண்ணீர் மேலே போக வேண்டும். விறகு வைத்துக் காய்ச்சினால் காடு தாங்காது. தூத்துக்குடி, வேம்பார்க் கடற்கரையில் பாத்தி கட்டிவிட்டால் சூரியனும் காற்றும் காசில்லாமல் அந்த வேலையைப் பார்த்தன. எங்கள் பக்கத்து வானம் ஓர் ஆண்டில் பெய்கிற மழையைவிட இரண்டு மடங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய வானம். கண்மாய்க்காரன் அதைத் திட்டுவான், உப்பளத்துக்காரன் கும்பிடுவான்.

பதநீருக்கு மட்டும் வெயில் உதவாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் அது நெடுநேரம் தாங்காது. அசந்தால் புளிக்கும், புளித்தால் கள். பாத்தியில் ஊற்றி வெயிலில் வைத்தால் தண்ணீர் வற்றும் முன்னே இனிப்பு போய்விடும். இறக்கிய அன்றே நெருப்பில் ஏற்றியாக வேண்டும். மூன்று சரக்கில் கருப்பட்டி ஒன்றுக்குத்தான் விறகு. அந்த விறகுக்கு ஒரு கணக்குப் புத்தகமும் இல்லை.

என் ஆச்சிக்குச் சாயல்குடிப் பக்கம். பங்குனி பிறந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பனங்காட்டுக்குள் விடிலி போட்டுக் குடியேறிவிடுவார்கள். ஆடி வரை அங்கேதான். ஓலைக் கூரை, ஒரு பக்கம் படுக்கை, ஒரு பக்கம் மண் அடுப்பு. தாத்தா முருக்குத்தடியும் தளைநாரும் அரிவாள்பெட்டியுமாக விடியும் முன்னே மரமேறப் போவார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். நாளுக்கு முப்பது நாற்பது மரம். மரத்து உயரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதைப் பேச வேண்டியதுதான். ஆனால் கீழே அடுப்பிலும் ஒரு உத்தியோகம் நடந்துகொண்டிருந்தது.

பதநீரைச் சுண்ணாம்பு தெளிய வைத்து, துணியில் வடிகட்டித் தாச்சியில் ஊற்றுவாள் ஆச்சி. அடுத்த ஈட்டுப் பதநீர் கொடியடுப்பில் உட்கார்ந்து வீணாகிற சூட்டை வாங்கிக்கொண்டிருக்கும். முதலில் நுரை. பொங்கி வழியப் பார்க்கும்போது நுணுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவாள், எண்ணெய் பட்டு நுரை அடங்கும். பிறகு கொதி. அந்தக் கொதி மணிக்கணக்கில் போகும். அப்போது அங்கே பார்க்க ஒன்றுமே இருக்காது. தாச்சி அப்படியே இருக்கும், ஆவி போய்க்கொண்டே இருக்கும், அவள் மட்டையையும் முள்ளையும் தள்ளிக்கொண்டே இருப்பாள். சின்னப் பையனான எனக்கு அலுத்துப்போகும்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆச்சி?"

"தண்ணி போகாம பாகு வராதுலே. போறதுக்கு அது விறகு கேக்கு."

பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். கொதித்துக்கொண்டிருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அத்தனையும் வாங்கிக்கொண்டும் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் நீர்த்துகள்களைப் பிரித்து அனுப்பவே அந்த வெப்பம் செலவாகிவிடுகிறது. பனிக்கட்டி தண்ணீராக உருகும்போதும் இதே கதைதான், ஆனால் அங்கே 80 கலோரியோடு முடிந்துவிடும்.

இதை முதலில் அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1762இல் அவர் செய்த சோதனைக்குத் தேவைப்பட்டது தகரப் பாத்திரமும், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகடும், வெப்பமானியும், கடிகாரமும்தான். பாத்திரத்துத் தண்ணீர் கொதிவர 4 நிமிடம் ஆனது. அது முழுக்க வற்ற மேலும் 20 நிமிடம் ஆனது. அடியில் நெருப்பு ஒரே அளவாக எரிந்தும் வெப்பமானி நின்ற இடத்தில் நின்றது. அப்படியானால் அந்த 20 நிமிட வெப்பம் எங்கே போனது? ஆவிக்குள் போனது என்றார் பிளாக். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். நீராவி எந்திரத்தில் வெப்பம் எங்கே வீணாகிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்த நாட்களில் பிளாக்கின் இந்தக் கணக்கும் அவர் கைக்கு வந்தது. பிளாக் கடிகாரம் பார்த்தார், ஆச்சி விறகுக்கட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு வந்தால் விடிலியின் முகமே மாறும். தண்ணீர் பெரும்பாலும் போய், பதநீர் கூப்பதனியாகக் கெட்டிப்பட்டதும் அதுவரை நூறை ஒட்டி நின்ற சூடு விறுவிறுவென்று ஏறும். 110, 115, 120 என்று போகும். விரட்டுவதற்கு நீர் இல்லாததால் அடுப்பு தருவதெல்லாம் பாகின் சூடாகவே நிற்கிறது. குமிழி சின்னதாகி, சத்தம் மாறி, நிறம் கறுக்கும். துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். உருண்டை நின்றால் பதம். ஒரு நிமிடம் பிந்தினால் தீய்ந்து கசக்கும். முந்தினால் சிரட்டையில் இறுகாது. மணிக்கணக்கான பொறுமைக்குக் கூலி அந்த ஒரு நிமிடத்தில்தான். தாச்சியை இறக்கி, துடுப்பால் விளாவிக் கிண்டிக்கொண்டே ஆறவிட்டு, ஈரச் சிரட்டைகளில் ஊற்றுவாள். பாகு மணல்பட்டு இறுகும்போது வாங்கிய வெப்பத்தில் சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். சிரட்டையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் ஆறாது என்பது தெரியும்.

சரி, விறகுக்கு வருவோம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் பதநீர் என்று வையுங்கள். மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் கூடும் குறையும், நம் கணக்குக்கு எட்டு போதும். ஏழு கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கு மட்டும் சுமார் 16 மெகாஜூல், எட்டு லிட்டரைக் கொதிக்க வைக்க இன்னும் இரண்டு. மொத்தம் 18. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 16 மெகாஜூல் உண்டு. ஆக, ஏட்டுக்கணக்கில் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும் விறகு. திறந்த மண் அடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வெப்பம் தாச்சிக்குள் போனாலே பெரிது. மீதி வாயிலும் பக்கத்திலும் புகையிலும் போகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழரைக் கிலோ விறகு. நாளைக்குப் பத்துக் கிலோ காய்ச்சும் குடும்பத்துக்கு 75 கிலோ. பங்குனியிலிருந்து ஆடி வரை தினமும் 75 கிலோ.

பதநீரை அப்படியே வண்டியில் ஏற்றியிருந்தால் எட்டு வண்டி தேவைப்பட்டிருக்கும், பந்தல்குடி வரும் முன்னே எட்டும் புளித்திருக்கும். அதை ஒரு வண்டியாக்கிக் கொடுத்தது விடிலி அடுப்பு. வண்டிக்காரனுக்கு வாடகை எழுதினார்கள், பேட்டைக்கு மகமை எழுதினார்கள். ஏழு வண்டித் தண்ணீரை வானத்துக்கு ஏற்றி அனுப்பியவளுக்குக் கணக்கில் ஒரு வரி இல்லை.

75 கிலோ விறகு வறண்ட காட்டில் எங்கிருந்து வரும்? பனையே கொஞ்சம் கொடுக்கும். காய்ந்த மட்டை, ஓலை, பன்னாடை, கருக்கு. ஓலை குப்பென்று எரிந்து அணைந்துவிடும், நின்று எரியாது. மிச்சத்துக்கு உடைமரமும் கருவேலும் தேடிப் பெண்கள் காடுகாடாக அலைந்தார்கள். கரும்புக்கு இந்தக் கவலை இல்லை. சாறு பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பில் தள்ளலாம், தன் சாற்றைத் தானே காய்ச்சிக்கொள்ளும் பயிர் அது. பனை சாற்றை மட்டும் கொடுக்கும், சக்கை கொடுக்காது. ஜே.சி. குமரப்பா பனைவெல்லத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். எங்களுக்குப் பக்கத்தில் தே. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்து 1960இல் மறைந்தவர். தரிசில் தானாக நிற்கும் பனை இனிப்புத் தரும்போது நல்ல நஞ்சையில் எதற்குக் கரும்பு, அங்கே தானியம் விளையட்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். விறகையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும் என்பது என் கட்சி.

விறகைக் குறைக்க வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர் நார்பர்ட் ரில்லியூ. கறுப்பினத் தாய்க்குப் பிறந்து பாரிஸில் பொறியியல் படித்தவர். அவர் ஊரிலும் கரும்புச் சாற்றை வரிசையாக வைத்த திறந்த கொப்பரைகளில் அடிமைகள்தான் கொதிக்கக் கொதிக்க மாற்றி ஊற்றிக் காய்ச்சினார்கள். செலவான வெப்பமெல்லாம் ஆவியோடு போகிறது என்றால் அந்த ஆவியை ஏன் விட வேண்டும் என்று கேட்டார் ரில்லியூ. மூடிய பாத்திரத்தில் ஒரு சாற்றைக் காய்ச்சி, வந்த ஆவியைக் குழாய் வழியாக அடுத்த பாத்திரத்துக்குள் விட்டார். அங்கே அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆவி தண்ணீராக மாறும்போது வாங்கிய 540 கலோரியையும் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டாவது பாத்திரத்தின் ஆவி மூன்றாவதுக்கு. ஒரு விறகில் மூன்று காய்ச்சல். 1843இல் காப்புரிமை வாங்கினார். இன்று ஓடும் சர்க்கரை ஆலைகளெல்லாம் அவர் வழியில்தான் ஓடுகின்றன. ஆனால் அதற்கு இரும்புப் பாத்திரமும் காற்றுப் பம்பும் ஆயிரக்கணக்கான லிட்டர் சாறும் வேண்டும். நாற்பது மரத்துப் பதநீரை வைத்துக்கொண்டு விடிலியில் என்ன செய்வது? ஆச்சியின் கொடியடுப்பு அளவுக்குத்தான் எங்கள் சிக்கனம் போனது.

இதே வெப்பம் எங்களுக்குச் சாதகமாக நின்ற இடமும் உண்டு, மண்பானை. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அடுப்பு இல்லாததால் உள்ளே இருக்கும் தண்ணீரிடமே அதைப் பிடுங்கிக்கொள்ளும். பத்து லிட்டர் பானையில் ஒரு டம்ளர் நீர் அப்படிப் போனால் மீதித் தண்ணீர் பத்து டிகிரி குளிரும். திருச்சுழி, நரிக்குடி ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தல்களில் சித்திரை மத்தியானத்தில் குடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் காற்றில் ஈரம் குறைவு, அதனால் எங்கள் பானை கடற்கரைப் பானையைவிட நன்றாகக் குளிரும். வறட்சியால் வந்த லாபம் என்று சொல்ல இது ஒன்றாவது இருக்கட்டும்.

விரட்டிய தண்ணீர் சும்மா போய்விடுவதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமானால் கருப்பட்டி அதைக் குடிக்கும். மேல்தோல் பளபளக்கும், பிறகு இளகும், கடைசியில் கசிந்து சிப்பத்து ஓலை பிசுபிசுக்கும். ஆவி மறுபடி நீராகிச் சரக்கில் இறங்குகிறது. அதற்காகத்தான் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். புகைச் சூட்டில் ஈரம் அண்டாது. மண்டியில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சில சிப்பங்கள் ஏற்றி வைத்ததைவிடக் கனமாக இறங்கும். கூடிய எடைக்கும் கருப்பட்டி விலைதான் போடுவார்கள். விறகு எரித்து விரட்டியதை மழை கொண்டுவந்து சேர்க்க, வாங்குபவர் காசு கொடுப்பார். கழிவு என்று ஒரு பத்தி கணக்கில் இருப்பதே இதற்காகத்தான். அதை யார் தலையில் எழுதுவது என்று நடந்த சண்டைகளை வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இப்போது வேறொரு சண்டை. கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்கிறார்கள். கலப்பது உண்மைதான். சீனி மலிவு என்பதால் கலக்கிறார்கள் என்று எல்லாரும் காரணம் சொல்லிவிடுகிறார்கள். அடுப்பையும் பார்க்க வேண்டும். தாச்சியில் ஒரு கிலோ சீனியைக் கொட்டினால் ஏழு கிலோ தண்ணீரை விரட்டும் வேலை மிச்சம். என் கணக்குப்படி ஏழரைக் கிலோ விறகும் அதைப் பொறுக்கிய நேரமும் புகைக்கு முன் உட்கார்ந்த நேரமும் மிச்சம். அந்தச் சீனியிலிருந்து நீரை ஓர் ஆலையில் ரில்லியூ முறையில் ஏற்கெனவே விரட்டிவிட்டார்கள். கலப்படத்தை நான் நியாயப்படுத்தவில்லை, அது மோசடிதான். ஆனால் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த முத்திரையால் மட்டும் கலப்படம் நின்றுவிடாது. விறகைக் குறைக்கும் நல்ல அடுப்பு ஊருக்கு ஊர் வந்தால் பாதியாவது குறையும்.

விறகின் கதை எங்கள் பக்கம் தலைகீழாகவும் ஆகிவிட்டது. ஆச்சி காலத்தில் ஒரு சுள்ளிக்கு அலைந்த காட்டில் இன்று எங்கே திரும்பினாலும் வேலிக்கருவை. பனைகளோ செங்கல் சூளைக்கு விறகாக வெட்டப்பட்டன. காய்ச்ச விறகு கிடைத்த காலத்தில் காய்ச்சப் பதநீர் இல்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வேலிக்கருவையை வேரோடு அகற்றச் சொன்னது, சில மாதங்களிலேயே அந்த வேலைக்குத் தடையும் வந்தது. வேலிக்கருவை போகவில்லை, கரி மூட்டமாக மாறிக்கொண்டிருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று எங்கும் மூட்டம். மண் பூசிய மூட்டத்திலிருந்து முதலில் வருவது அடர்ந்த வெள்ளைப் புகை. அது பெரும்பாலும் பச்சை மரத்தின் நீராவி. மரத்திலிருக்கும் தண்ணீர் போகும் வரை மரம் கரியாகாது. அந்தத் தண்ணீரை விரட்ட மரத்தின் ஒரு பங்கே எரிந்து செலவாகிறது. பிறகுதான் புகை நீலமாக மெலியும், மூட்டக்காரர் காற்றுத் துளையை அடைப்பார். நாலைந்து கிலோ மரம் ஒரு கிலோ கரியாகி, லாரி ஏறி, கருப்பட்டி வண்டி போன அதே ரோட்டில் போகிறது. தண்ணீரைக் கழித்த சரக்கை விற்பதுதான் இன்றும் எங்கள் தொழில்.

பேட்டைக்கும் மகமைக்கும் வரலாறு எழுதிவிட்டார்கள். விடிலிக்கு இன்னும் யாரும் எழுதவில்லை. சாயல்குடி, வேம்பார், நரிப்பையூர்ப் பக்கம் தாச்சியில் காய்ச்சிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில். ஓர் ஈட்டுக்கு எத்தனை கட்டு விறகு, எங்கே பொறுக்கினார்கள், எத்தனை நேரம் எரித்தார்கள், கையில் என்ன மிஞ்சியது என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். உள்ளூர் வரலாறு எழுதும் தம்பி தங்கைகள் ஒரு நோட்டோடு போய் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பங்குனிக்கு முன்னால் போங்கள். பதநீர் இறங்க ஆரம்பித்துவிட்டால் பேச நேரம் கிடைக்காது.